பத்துக்குப் பத்து

கைய மடக்காதீங்க தம்பி. மடக்கினா மிசினு கத்தும், மிசினு கத்துனா சிஸ்டரு கத்தும். ஊசி குத்தின கை இன்னிக்கி உங்க கை இல்லீன்னு நெனச்சுக்கங்க. அப்படியே நீட்டி வெச்சுட்டு, என்ற பக்கம் தலையத் திருப்பிப் படுங்க. எத்தனாவது டயாலிசிஸுங்க இது? மூணாவதா? அட, அப்ப பயம் தெளியாது. ஒரு மாசம் போகட்டும், ரத்தம் அந்தக் குழாயில போயி இந்தக் குழாயில வர்றதப் பாத்துக்கிட்டே இட்லி திம்பீங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தேன். முப்பத்தோரு வருசம். வண்டி உள்ள வந்தா ஆறு நிமிசம், ஏழாவது நிமிசம் நிக்க உடமாட்டேன், விசிலு ஊதித் தாட்டி உட்டுருவேன். டிரைவரு டீ குடிச்சிட்டிருந்தாலும் சரி, கண்டக்டரு கக்கூசுல இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட ஆளு, ரிட்டையர்டு ஆன மறுவருசமே இங்க வந்து படுத்தாச்சு. திங்கள், புதன், வெள்ளி, காலைல ஏழு மணி ஷிப்டு, இதே கட்டிலு. தடவைக்கு நாலு மணி நேரம். அஞ்சு வருசம் ஆச்சுங்க. நான் பேசறது உங்களுக்குப் புடிக்கலீன்னாலும் எந்திரிச்சு எங்கீங்க போவீங்க? ரெண்டு பேரையும் கட்டித்தானே போட்டிருக்குது. கேட்டுட்டுப் படுங்க.

நீங்க படுத்திருக்கற கட்டில்ல போன மாசம் வரைக்கும் தவமணின்னு ஒரு புள்ள படுத்திருந்தா. அட, ஏன் அப்படி முழிக்கறீங்க? சாகல தம்பி, நல்லாத்தான் இருக்கறா. சாயங்கால ஷிப்டுக்கு மாத்திக்கிட்டா, அவ்வளவுதான். என்ற மேல கோவம். மூணு வருசம் பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தோம், பெரியப்பா பெரியப்பான்னு உசுர உடுவா. இப்ப மூஞ்சியக் கூடக் காட்டறதில்ல. நான் அப்படி என்னதான் பண்ணீட்டேன்? நீங்க மூணாம் மனுசன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

தை மாசத்துலங்க. ஒரு காலேஜ்ல இருந்து அஞ்சாறு புள்ளைக வந்துச்சுக. டாக்டரு புள்ளைக இல்ல. இது வேற படிப்பு, கிருமியப் புடிச்சு அதோட உள்ளாறச் சமாச்சாரத்த மாத்தி நமக்கு வேல செய்ய வெக்கற படிப்பாம். தர்ஷினின்னு ஒரு புள்ள, அதுதான் தலைவி. கண்ணாடி போட்டுக்கிட்டு, குச்சியாட்டம் இருந்துக்கிட்டு, ஆனாப் பேச்சு நெம்பப் பக்குவம். என்ற கட்டில்கிட்ட ஸ்டூலப் போட்டு உக்காந்து சொல்லுச்சு. 'அய்யா, தயிர்ல நல்ல கிருமி இருக்குதில்லீங்களா, அந்த மாதிரி ஒண்ணச் செய்யலாம்னு இருக்கறோம். மாத்திரையா முழுங்கினா வயித்துக்குள்ள போயி, உடம்புல சேர்ற கழிவ அது தின்னுரும். வாரத்துல மூணு நாள் வர்றவங்க ரெண்டு நாள் வந்தாப் போதும்னு ஆகலாம்.'

நான் சும்மா இருப்பனா? 'ஏங் கண்ணு, இத்தன நாளும் கிருமி நம்மளத் தின்னுச்சு, இனி நம்ம கழிவத் திங்குமாக்கு?'ன்னேன். வார்டே சிரிச்சுருச்சு.

அதுக்கு அந்தப் புள்ள, 'இன்னொரு யோசனையும் இருக்குதுங்க அய்யா'ன்னுச்சு. ஒரு சின்னக் காயிதப் பட்டை. மூத்திரத்துல நனைச்சா நெறம் மாறும். கிட்னி கெடப் போறத முன்னாடியே காட்டிக் குடுத்துரும். அது நல்லா இருக்கறவங்களுக்கு. மாத்திரை நமக்கு. ரெண்டுல ஒண்ணச் செய்யத்தான் அவுங்களுக்கு நேரமிருக்குதாம். எதச் செய்யறதுன்னு டாக்டர்களையும் நம்மளையும் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். ஒளிவு மறைவில்லாம இன்னொண்ணும் சொல்லுச்சு. 'மாத்திரை கைக்கு வர்றதுக்குப் பத்து வருசம் கூட ஆகலாங்க. வராமயும் போகலாம். நாங்க ஆரம்பிச்சு மட்டுந்தான் வெப்போம்.'

மொதல்ல நம்ம டாக்டரக் கேட்டாங்க. இளங்குமரன் சாரு. தங்கமான மனுசன், தம்பி. எனக்கு இந்தக் காலை ஷிப்டு வாங்கிக் குடுத்ததே அவருதான். அவரு இங்க நடுவுல நின்னுக்கிட்டு, 'நம்ம பேஷண்டுக எல்லாம் நல்லா செட் ஆயிட்டாங்கம்மா. சென்னியப்பனக் கேளுங்க, அவருதான் இங்க சீனியர்'னாரு. சொல்லிட்டுப் போயிருவாருன்னு பாத்தா, கையக் கட்டிக்கிட்டு அங்கயே நிக்கறாரு.

அப்பறம் ஆளுக்கொரு காயிதம் குடுத்தாங்க. தமிழ்லதான் அச்சடிச்சிருந்துச்சு. மொதக் கேள்வியே என்ன தெரியுங்களா? 'உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி உள்ளது? ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடுக.'

தரம்! நீங்களே சொல்லுங்க தம்பி. ஒருத்தன நாம கேவலமா வையோணும்னா என்ன சொல்லி வையறோம்? தரங்கெட்டவன்னுதானே? தராதரம் தெரியாதவன்னுதானே? என்ற தரம் ரெண்டு, என்ற தரம் மூணுன்னு எவனாச்சும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பானா? அதும் டாக்டரு பக்கத்துல நிக்கறாரு. ராத்திரி பகலாப் பாக்கற மனுசன் முன்னால ரெண்டு மார்க்குன்னு எழுதினா, அவரு மூஞ்சியில கரியப் பூசற மாதிரி ஆகாதா? 'என்னய்யா ஆஸ்பத்திரி நடத்தறே'ன்னு நாளைக்கி அவர நாலு பேரு கேக்கமாட்டாங்களா?

அதனால நான் சத்தமாச் சொன்னேன். 'எல்லாரும் கேளுங்கப்பா. நம்ம ஷிப்டுக்கு ஒரு மரியாதை இருக்குது. பத்துக்குப் பத்து போடுங்க.' பதினோரு கட்டிலு. எல்லாரும் போட்டாங்க. ஒரே ஒரு பெரியவரு மட்டும் ஒம்போதுன்னு போட்டிருந்தாரு. நான் ஒரு பார்வை பாத்தேன், திருத்திக்கிட்டாரு.

கடைசிக் கேள்வி, 'எங்கள் திட்டத்திலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?' படிக்கற புள்ளைககிட்ட நாம என்னத்த எதிர்பாக்கறது? ஒரு நல்ல வார்த்த சொல்லித்தானே அனுப்போணும்? எங்க டிப்போவுக்குப் பெரிய ஆபீசருக வந்தா நோட்டுல எழுதுவாங்க, அதே ஞாபகத்துல 'தங்கள் பணி மென்மேலும் வளர வாழ்த்துகள்'னு எழுதினேன். என்ற எழுத்து முத்து முத்தா இருக்குங்க. மத்தவங்களும் அதையே பாத்து எழுதிக்கிட்டாங்க.

இப்பத் தவமணி கதைக்கு வர்றேன். அவளுக்கு எடது கையில ஊசி குத்தறதுக்குன்னு தெச்சு உட்ட நரம்பு அடைச்சுப் போயி, வலது கையிலதான் ஊசி. எழுத முடியாது. பனியன் கம்பெனியில செக்கிங் பாத்துட்டிருந்த புள்ள, முப்பத்தோரு வயசு, ஆறு வயசுல ஒரு பையன். 'பெரியப்பா, நீங்க எழுதிக் குடுங்க'ன்னு காயிதத்த நீட்டினா. நான் வாங்கி என்ற நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு, 'சொல்லு கண்ணு'ன்னேன்.

மெதுவாத்தான் சொன்னா. 'ரெண்டு போடுங்க பெரியப்பா.'

'அட, டாக்டரு நிக்கறாரு'ன்னேன்.

'நின்னா நிக்கட்டும். கடைசிக் கேள்விக்கு நான் சொல்றத அப்படியே எழுதுங்க. என்ற பையன் பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் சொம்பத் தூக்கி மடக்கு மடக்குன்னு தண்ணி குடிக்கறான். அந்தச் சத்தம் கேக்கறப்ப எனக்கு அவன் மேல ஆத்திரம் வருது. ஒரு நாள் சொம்பப் புடுங்கி வீசிட்டேன். பெத்த புள்ள தண்ணி குடிச்சா ஆத்திரம் வராம இருக்கறதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க. இத எழுதுங்க.'

நீங்களே சொல்லுங்க. இதெல்லாம் எழுதற விசயமா? நாலு காலேஜ் புள்ளைக படிச்சுப் பாத்துட்டு, சீ இவளும் ஒரு தாயான்னு சொல்ல மாட்டாங்களா? நமக்குத்தான் தெரியும் தம்பி, ஒரு நாளைக்கி இத்தன டம்ளருதான்னு அளந்து குடிக்கறவனுக்கு என்னென்ன தோணும்னு. வெளியாளுக்கு என்ன தெரியும்? அந்தப் புள்ள மானத்த நான் காப்பாத்தோணும்னு நெனச்சேன். பத்துன்னு போட்டேன். மென்மேலும் வளர வாழ்த்துகள்னு எழுதினேன். 'எழுதிட்டீங்களா பெரியப்பா'ன்னா. 'எழுதிட்டேன் கண்ணு'ன்னேன். நிம்மதியாக் கண்ண மூடிப் படுத்தா. மூணு வருசத்துல அவ அப்படிப் படுத்து நான் பாத்ததில்லீங்க.

சிஸ்டர்! இந்தத் தம்பி மிசினு பொய்ங் பொய்ங்னு கத்துது பாரு. கைய மடக்கிட்டீங்க. சொன்னேனில்ல? ஆங், இப்பச் சரியாப் போச்சு.

பங்குனியில மறுக்காவும் வந்தாங்க. நன்றி சொல்றதுக்கு. எங்க எல்லாருத்துக்கும் ஒரு சான்றிதழ், பேரெல்லாம் போட்டு. தர்ஷினி நடுவுல நின்னு சொல்லுது. 'உங்க எல்லார் பதிலையும் படிச்சோம். நீங்க எல்லாருமே உங்க வாழ்க்கைத் தரம் பத்துக்குப் பத்துன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. டாக்டர் அய்யாவும் அதையேதான் சொன்னாரு. அதனால இப்போதைக்கு உங்களுக்கு மாத்திரை அவசரமாத் தேவையில்லன்னு தெரிஞ்சுக்கிட்டோம். நோய் வராதவங்களுக்குப் பட்டையச் செய்யறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.'

எனக்குப் பொக்குனு போச்சு. என்னய்யா இது? பத்து மார்க்கு வாங்கினவனுக்குத்தானே பரிசு குடுப்பாங்க? நல்லாப் படிக்கற புள்ளையத்தானே வாத்தியாரு மேல படிக்க வெப்பாரு? நாங்க மரியாதையாப் பத்துப் போட்டுக் குடுத்தா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்கன்னு சொல்லிட்டு அடுத்தவன் ஊட்டுக்குப் போறாங்களே, இதென்ன நாயமுங்க?

டாக்டரு கை தட்டினாரு. நாங்களும் தட்டினோம். ஒரு கையில ஊசி இருக்குதில்ல, அதனால தொடையில தட்டினோம்.

அப்பத்தான் தவமணி எந்திரிக்கப் பாத்தா. எந்திரிக்க முடியுங்களா? தலைய மட்டும் தூக்கி, 'ஏங்க, நான் பத்து சொல்லலீங்க. நான் சொன்னது ரெண்டு'ன்னா. தர்ஷினி பையில இருந்து காயிதத்த எடுத்துத் தேடி, படிச்சுக் காட்டுச்சு. 'தவமணி. வாழ்க்கைத் தரம் பத்து. எதிர்பார்ப்பு, தங்கள் பணி மென்மேலும் வளர வாழ்த்துகள்.'

தவமணி அந்தக் காயிதத்த வாங்கிப் பாத்தா. அழுவான்னு பாத்தேன், அழுவல. என்னைய வையவும் இல்ல. 'உங்க கையெழுத்து நல்லாருக்குதுங்க பெரியப்பா'ன்னு மட்டும் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அன்னிக்கி மிசினு இன்னும் ரெண்டே முக்கா மணி நேரம் ஓடோணும். அவ முதுகப் பாத்துக்கிட்டே நான் படுத்துக் கெடந்தேன். என்ற கையிலயும் ஊசி, எங்க எந்திரிச்சுப் போறது? முப்பத்தோரு வருச சர்வீசுல ஒரு வண்டியும் என்னைய அப்படி நிக்க வெச்சதில்ல தம்பி. மறுவாரம் ஷிப்ட மாத்திக்கிட்டா.

சரி, தப்புன்னே வெச்சுக்குவோம். நல்லதுக்குச் செஞ்ச தப்புத்தானே? என்ற ஊட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ பாத்திரம் வெளக்கிட்டே, 'அந்தப் பத்து வருசம் உங்களுக்கா, அவளுக்கா?'ன்னு கேட்டா. மொதல்ல எனக்குப் புரியல. அப்பறம் கணக்குப் போட்டுப் பாத்தேன். பத்து வருசங் கழிச்சு எனக்கு எழுபத்தி நாலு. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அவளுக்கு நாப்பத்தி ஒண்ணு. பையனுக்குப் பதினாறு. அவளுதுதான் தம்பி அந்த மாத்திரை. அவளுது மார்க்கத்தான் நான் மாத்தி எழுதிப்போட்டேன். சோறு எறங்கல எனக்கு. அன்னிக்கி அளவுத் தண்ணியே மிச்சம் கெடந்துச்சுன்னாப் பாத்துக்கங்க.

ஆனா அவ லேசுப்பட்டவ இல்லீங்க. இங்க வராத ஒரு செவ்வாக்கெழம, ரெண்டு பஸ்ஸு மாறி அந்தக் காலேஜுக்கே போயிட்டா. ஒடம்பு இருக்கற இருப்புல! போயி அந்தப் புள்ளைகளையும் அவுங்க வாத்தியாரையும் உக்கார வெச்சு, சொம்பத் தூக்கி வீசுனது வரைக்கும் சொல்லியிருக்கறா. சாயங்கால சிஸ்டருதான் எனக்குச் சொல்லுச்சு. வாத்தியாரு, 'ஒருத்தர் சொன்னதுக்காக மாத்த முடியாது. எல்லார்கிட்டயும் மறுபடி கேளுங்க, டாக்டர் இல்லாதப்ப தனித்தனியாக் கேளுங்க. வெள்ளிக்கெழம முடிவு பண்ணலாம்'னு சொல்லிட்டாராம்.

இன்னிக்கி என்ன கெழம? புதன். இன்னிக்கித்தான் நம்ம ஷிப்டு. இப்ப வந்துரும் அந்தப் புள்ள. டாக்டரு ரவுண்ட்ஸ் வர்றதுக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குது, அதுக்குள்ள எல்லார்கிட்டயும் கேட்டு முடிக்கோணும்.

எனக்கென்ன தம்பி. நான் பத்துன்னுதான் சொன்னேன், பத்துதான். மாத்திப் பேசற ஆளு நானில்ல. எனக்கு என்ன குறை? பென்சன் வருது, ஊட்டுக்காரி பாத்துக்கறா. பேரன் மெட்ராசுல, பொறந்து ரெண்டு வருசமாச்சு. போன்ல பாக்கறேன். ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு போனவருசம் கெளம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, அடுத்த ஷிப்டு தவறிப் போயிருமோன்னு திரும்பிட்டேன். அது வேற.

சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். நீங்களும் இனி இதே வண்டிதானே. எடை பாக்கறப்ப சிஸ்டரு வையுதில்ல, 'என்ன அய்யா, ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறிட்டீங்க, தண்ணி எங்கிருந்து வந்துச்சு'ன்னு? ஊட்டுக்காரி மேல பழியப் போட்டுருவேன், குழம்பத் தண்ணியா வெச்சுட்டான்னு. அவ பாவம், அளந்துதான் ஊத்துவா. நான் குளிக்கறப்ப வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறேன், தம்பி. கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு. மேல இருந்து ஊத்திக்கறப்ப வாய்க்குள்ள எவ்வளவு போகுதோ போகட்டும்னு. சோப்புத் தண்ணியா இருந்தாலும் முழுங்கிருவேன். அறுபத்தி நாலு வயசு ஆம்பள. வெளிய வந்து தொவட்டிக்கிட்டு, 'இன்னிக்கி ஒரு வாய் கூடக் குடிக்கல பாரு'ன்னு அவகிட்டப் பெரும வேற பேசுவேன். கேவலமா இருக்குதுங்க. நெம்பக் கேவலமா இருக்குது. தவமணிக்குச் சொல்றதுக்காச்சும் வாய் இருந்துச்சு.

வந்துருச்சு பாருங்க.

வா கண்ணு, வா. உக்காரு. ஸ்டூல இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்க. டாக்டரு எங்க, ஐ.சி.யு.விலயா? சரி சரி. இது நம்ம புது ஆளு, மூணாவது தடவை. இவரையும் கேளு, ஆனா நீயே கேட்டு நீயே எழுதிக்க. நான் யாருத்துக்கும் எழுத மாட்டேன்.

அதே கேள்விதானா? ஓ, தரத்த எடுத்துட்டீங்களா? 'இந்த வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு சிரமமாக உள்ளது'ன்னா போட்டிருக்கீங்க? 'மிகச் சிரமம் ஒன்று, சிரமமே இல்லை பத்து.' ம். இத மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கோணும் கண்ணு. குத்தம் சொல்லல. நீ என்ன பண்ணுவே, நாந்தான்.

அதில்ல கண்ணு, மொதல்ல தவமணி சொன்னத அவ பேருல எழுதிக்க. அவ பையன் சொம்புத் தண்ணி... என்ன? அவளே சொல்லிட்டாளா. ஆமாமா, அவளே வந்து சொல்லிட்டாளே. எனக்குச் சொல்லோணுமா. எனக்கு மட்டும்.

அவ இப்ப எவ்வளவு சொன்னா? ரெண்டா? மாத்தலையா?

அப்ப எனக்கு ஒண்ணு போடு.

என்ன கண்ணு பாக்கறே, ஒண்ணுதான். ஒரு கோடு. போடு. போட்டியா? காட்டு. ம்.

கடைசிக் கேள்விக்கா? சொல்றேன், எழுதிக்க. தலையக் கிட்டக் கொண்டா, சத்தமாச் சொல்ல முடியாது. நான் குளிக்கப் போறப்ப...

வணக்கம் டாக்டர் சார்! வாங்க சார், வாங்க. சூப்பரா இருக்கறனுங்க சார். ஒரு குறையும் இல்லீங்க. தூக்கமா? படுத்தாத் தூக்கந்தானுங்க. ஆமாங்க சார், காலேஜ்ப் புள்ளைகதான், சும்மாப் பழமை பேசிக்கிட்டிருந்தோம். நம்ம புதுத் தம்பியவும் பாருங்க சார், கையத்தான் மடக்கிட்டே இருக்கறாரு.

கண்ணு, காயிதத்தத் திருப்பி வெச்சுக்க. அழிச்சுக் கிழிச்சுப் போடாத. அந்த ஒண்ணு அப்படியே இருக்கட்டும்.